7. உள்ளே ஆள், வெளியே கேஸ் கட்டு

ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தரை மணி. மத்தியச் சிறை வாசலில் ஓர் அம்மா, அவருடைய தம்பி, வாடகைக்குப் பேசி வந்த ஆட்டோக்காரர் என்று மூன்று பேர் நிற்கிறார்கள். பையனுக்கு ஜாமீன் கிடைத்தாயிற்று. இரண்டு ஜாமீன்தாரர்கள் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டாயிற்று. ரிலீஸ் ஆர்டரும் உள்ளே போயிற்று. அரை மணி கழித்து வெளியே வந்த காவலர், "நம்பர் ஒத்துவரலம்மா, திங்கக்கிழமை மாத்தி வாங்கிட்டு வாங்க" என்றார். எஃப்.ஐ.ஆரில் குற்ற எண் 218. ஆர்டரில் 281. இரண்டு இலக்கம் இடம் மாறியதற்கு அந்தப் பையன் மூன்று ராத்திரி கூடுதலாக உள்ளே இருந்தான். நான் அப்போது வக்கீல் குமாஸ்தா. அந்த ஆர்டரைக் கையில் வாங்கியும் படித்துப் பார்க்காமல் அனுப்பியவன் நான்தான்.

அன்றைக்குப் படித்த பாடம்தான் இந்த அத்தியாயம். நீதிபதி உத்தரவு போட்டாலும் சிறைக் கதவு காகிதத்தைப் பார்த்த பிறகுதான் திறக்கும். அந்தக் காகிதத்தைச் சரிபார்க்கவோ, துரத்தவோ, தேதியைக் குறித்து வைக்கவோ உள்ளே இருப்பவரால் முடியாது. வக்கீலிடம் இதுபோல இன்னும் பல கட்டுகள் இருக்கும். ஆகவே வீட்டில் ஒருவர், ஒரே ஒருவர், இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கொரு காகிதம் வைத்திருந்தால் தேவைப்படும் நேரத்தில் ஒன்றும் கிடைக்காது.

முதலில் ஒரு நோட்டு

இருநூறு பக்க நீள நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் இவற்றை எழுதுங்கள்: கைதானவர் பெயர், தந்தை பெயர் (எஃப்.ஐ.ஆரில் உள்ள எழுத்துப்படியே), கைதி எண், காவல் நிலையம், குற்ற எண், சட்டப்பிரிவுகள், கைதான தேதி, முதல் ரிமாண்ட் தேதி, எந்த நடுவர் மன்றம், அடுத்த வாய்தா, வக்கீல் பெயர்.

வழக்கின் எண் வழியில் மாறிக்கொண்டே போகும் என்பது பலருக்குத் தெரியாது. காவல் நிலையத்தில் அது குற்ற எண். குற்றப்பத்திரிகை தாக்கலாகி நடுவர் மன்றம் கோப்பில் எடுத்ததும் சி.சி. எண். செஷன்ஸ் கோர்ட் விசாரிக்க வேண்டிய பெரிய வழக்கானால் முதலில் பி.ஆர்.சி., அங்கிருந்து அனுப்பப்பட்டதும் எஸ்.சி. நடுவே போடும் ஜாமீன் மனுவுக்குத் தனி எண். உயர் நீதிமன்றத்தில் போட்டால் கிரிமினல் ஓ.பி. எண். புது எண் வரும்போது பழையதை அடிக்காதீர்கள், பக்கத்திலேயே எழுதுங்கள். பெயர், தந்தை பெயர், குற்ற எண் மூன்றும் எல்லாக் காகிதத்திலும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே உங்கள் தலையாய வேலை.

பதினாறு இடம் கொண்ட சி.என்.ஆர். எண்ணைக் குமாஸ்தாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை ஈ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று தெரியும்.

முதல் வாரத்துக் காகிதங்கள்

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. பிரிவு எண்கள் மாறியிருந்தாலும் அடிப்படை உரிமைகள் மாறவில்லை. கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். உறவினர் ஒருவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து இருக்க வேண்டும். கைதுக்கான காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்பதை 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் குற்றங்களுக்கும் பொதுவாக்கியது.

எஃப்.ஐ.ஆர். நகலைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்ற வழக்குகளுக்கு இது பொருந்தாது. அவற்றில் கோர்ட்டில் மனுப் போட்டு வாங்கலாம்.

எஃப்.ஐ.ஆர்., கைதுக் குறிப்பு, கைதுக்கான காரணம், ரிமாண்ட் உத்தரவு ஆகிய நான்கும் முதல் வாரத்திலேயே உங்கள் கட்டில் சேர்ந்திருக்க வேண்டும். குற்றப்பத்திரிகை வந்த பிறகு அதன் நகலும் சாட்சி வாக்குமூலங்களும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவசம். அவர் ஆஜரான 14 நாட்களுக்குள் தர வேண்டும் என்கிறது புதுச் சட்டம். அதற்கு யாரும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

உள்ளே கையெழுத்து வாங்குவது

ஜாமீன் மனுப் போட வக்காலத்து வேண்டும். வக்காலத்தில் உள்ளே இருப்பவர் கையெழுத்து வேண்டும். இதற்கு முறையான வழி ஒன்றுதான்: வக்கீல் தரப்பில் வக்காலத்தைச் சிறைக்குக் கொடுத்து, சிறை அதிகாரி முன்னிலையில் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வாங்கி, அதிகாரியின் சான்றும் முத்திரையும் பெறுவது. வெளியே வந்ததும் மூன்றைப் பாருங்கள்: கையெழுத்து, அதிகாரி கையெழுத்து, முத்திரை. ஒன்று குறைந்தாலும் கோர்ட் அலுவலகம் திருப்பி அனுப்பும். இன்னொரு நடை, இன்னொரு நாள்.

வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி வரும்படி யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள், சொல்பவர் சொந்தக்காரராக இருந்தாலும் சரி. உள்ளே இருப்பவர் பெயரில் நிலமோ வீடோ இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அதேபோல் அசல் காகிதம் எதையும் உள்ளே அனுப்ப வேண்டாம். ஜெராக்ஸ் போதும்.

சிறையில் மனு கொடுத்து உள்ளே இருப்பவரைப் பார்க்கப் போகும்போது கிடைக்கும் நேரம் கொஞ்சம். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருப்பார்கள். அழுகையில் பாதி நேரம் போய்விடும். அதனால் ஒரு துண்டுச் சீட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். "போன வாய்தாவுக்குக் கூட்டிட்டுப் போனாங்களா, இல்ல வீடியோவிலயே முடிச்சிட்டாங்களா? அடுத்த தேதி என்ன சொன்னாங்க? உள்ள ஏதாவது காகிதம் குடுத்தாங்களா? எதுலயாவது கையெழுத்து வாங்கினாங்களா? வேற கேஸ் ஏதாவது சொல்றாங்களா?" பதிலை வெளியே வந்து டீ குடிக்கும்போதே நோட்டில் எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் தேதி தப்பிவிடும்.

எண்ண வேண்டிய நாட்கள்

ரிமாண்ட் ஒவ்வொரு தடவையும் 15 நாளுக்கு மேல் போகாது. நீட்டித்துக்கொண்டே போகலாம், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்து ஆண்டோ அதற்கு மேலோ சிறை என்ற வகைக் குற்றங்களில் 90 நாள். மற்றவற்றில் 60 நாள். வணிக அளவு கஞ்சா போன்ற போதைப்பொருள் வழக்குகளில் 180 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் கேட்பது உரிமை. கோர்ட் வட்டாரத்தில் இதை மேண்டேட்டரி பெயில் என்பார்கள்.

எப்படி எண்ணுவது? முதல் ரிமாண்ட் மார்ச் 3 என்று வையுங்கள். ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் தீர்த்துவைத்தது. மார்ச்சில் 29 நாள், ஏப்ரலில் 30, ஆக 59. மே 1 அறுபதாவது நாள். மே 2 காலையில் மனு தயாராகக் கையில் இருக்க வேண்டும். "இன்னும் ரெண்டு நாள் பாப்போம்" என்று விட்டால் அந்த இரண்டு நாளில் குற்றப்பத்திரிகை வந்துவிடும், உரிமையும் போய்விடும். மனுவை முந்திப் போட்டுவிட்டால், பிறகு குற்றப்பத்திரிகை வந்தாலும் உரிமை நிற்கும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு போதைப்பொருள் வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அதே ஆண்டு ஜூனில் மதுரை மாவட்ட வழக்கு ஒன்றில், கொரோனா ஊரடங்கைக் காரணம் காட்டியும் இந்தக் கெடுவை நீட்ட முடியாது என்றது.

விசாரணை இழுத்துக்கொண்டே போனால் இன்னொரு கணக்கு இருக்கிறது. முன்பு எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை உள்ளே கழித்திருந்தால் புதுச் சட்டத்தின் 479-ஆம் பிரிவின்படி ஜாமீனுக்குத் தகுதி பெறுகிறார். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது கிடையாது. கோர்ட்டுக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. என்றாலும் தேதியை நீங்கள் கணக்குப் போட்டு வக்கீலிடம் சொல்லுங்கள்.

ஜாமீன் கிடைத்த பிறகு

ஜாமீன் உத்தரவு வேறு, ரிலீஸ் ஆர்டர் வேறு. உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் கிடைத்தாலும், பெரும்பாலும் கீழ்க்கோர்ட்டில் ஜாமீன்தாரர்களை நிறுத்தி, பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகே ரிலீஸ் ஆர்டர் சிறைக்குப் போகும்.

ஜாமீன்தாரர்களை மனு நிலுவையில் இருக்கும்போதே பேசி வையுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, புகைப்படம், வீட்டு வரி ரசீது அல்லது சிட்டா என்று கோர்ட் என்னென்ன கேட்கிறது என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். இருவரில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்று உத்தரவில் இருக்கலாம். அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள். வேறு மாவட்டத்து ஆள் என்பதற்காக மட்டும் ஜாமீன்தாரரைத் தள்ளக்கூடாது என்று நீதிபதி கிருஷ்ணய்யர் 1978-லேயே எழுதிவிட்டார்.

ஆளும் பணமும் கிடைக்காமல் ஜாமீன் உத்தரவோடு உள்ளேயே கிடப்பவர்கள் உண்டு. அவர்களுக்காக உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31-ல் சில வழிமுறைகளைத் தந்தது. ஜாமீன் கிடைத்த ஏழு நாளில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி கோர்ட் தானாகவே பரிசீலிக்கலாம். ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டம் ஒன்றும் 2023-ல் வந்தது. அறிவித்தபோது, ஜாமீன் தொகைக்கு 40,000 ரூபாய் வரையும், தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரையும் என்று இருந்தது. சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேளுங்கள்.

ரிலீஸ் ஆர்டர் கோர்ட்டை விட்டுக் கிளம்பும் முன் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒத்துப் பாருங்கள்: பெயர், தந்தை பெயர், குற்ற எண், காவல் நிலையம், பிரிவுகள், எந்தச் சிறை. ஐந்து நிமிட வேலை. அன்றைக்கு நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.

இரண்டாவது வழக்கு

எல்லாம் சரியாக இருந்தும் ஆளை விடாததற்கு இன்னொரு காரணம் வேறு வழக்கில் வந்த வாரண்ட். வேறு ஊர்க் கோர்ட்டில் பழைய வழக்கு ஒன்று இருக்கும். இவர் உள்ளே இருப்பது அந்தக் கோர்ட்டுக்குத் தெரியாது. வாய்தாவுக்கு வரவில்லை என்று அங்கே பிடிவாரண்ட் போட்டுவிடுவார்கள்.

இதைத் தடுக்க வழி உண்டு. உள்ளே போன முதல் வாரமே, அவர் மேல் உள்ள மற்ற வழக்குகளையும் பட்டியல் எடுங்கள். எந்தச் சிறையில் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறார் என்பதை வக்கீல் மூலம் அந்தந்தக் கோர்ட்டில் மெமோ போட்டுத் தெரிவியுங்கள். தேவையானால் அந்தக் கோர்ட்டே பி.டி. வாரண்ட் (உள்ளே இருப்பவரைக் கொண்டுவரச் சொல்லிச் சிறைக்கு அனுப்பும் உத்தரவு) அனுப்பி ஆளை வரவழைக்கட்டும்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு வழக்குக்காக உள்ளே இருந்த நாட்களை அதே வழக்கின் தண்டனையில்தான் கழிப்பார்கள். இரண்டாவது வழக்கில் முறையாகக் கைது காட்டி ரிமாண்ட் செய்யாதவரை, உள்ளே கழிந்த நாட்கள் அந்த வழக்கின் கணக்கில் ஏறாது. 60, 90 நாள் கணக்கும் அதில் தொடங்காது. இரண்டாவது வழக்கில் எப்போது ரிமாண்ட் ஆனார் என்ற தேதி நோட்டில் தனி வரியாக இருக்கட்டும்.

குண்டாஸ் புக்லெட்

ஜாமீனுக்கு அலைந்துகொண்டிருக்கும்போதே உள்ளே இருப்பவர் மேல் குண்டர் சட்டம் பாய்வதுண்டு. 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது தமிழ்நாடு சட்டம் அது. மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ தடுப்புக் காவல் உத்தரவு போடுவார். அதன்பின் அடிப்படை வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் வெளியே வர முடியாது. அதிகபட்சம் 12 மாதம்.

காரணங்களையும் ஆவணங்களையும் சேர்த்துக் கட்டிய புத்தகம் ஒன்றை ஐந்து நாளுக்குள் அவரிடம் கொடுக்க வேண்டும். அதைத்தான் புக்லெட் என்கிறார்கள். அதை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள். படிக்க முடியாத ஜெராக்ஸ் பக்கம் எது, தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்த ஆவணம் எது, விட்டுப்போன பக்கம் எது என்று குறித்து வையுங்கள். உத்தரவை எதிர்த்து அரசுக்கு உடனே மனு அனுப்புங்கள். பதிவுத் தபால் ரசீதைக் கட்டில் வையுங்கள். இந்த மனுவைப் பரிசீலிப்பதில் விளக்கமில்லாத தாமதம், படிக்க முடியாத பக்கம், மொழிபெயர்ப்பு இல்லாமை ஆகியவற்றுக்காக உயர் நீதிமன்றம் பல உத்தரவுகளை ரத்து செய்திருக்கிறது. மூன்று வாரத்துக்குள் வழக்கை அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும். உயர் நீதிமன்றத்தில் போடுவது ஆட்கொணர்வு மனு. மதுரை, திருச்சி, தஞ்சாவூர், திருநெல்வேலி போன்ற மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை, சேலம், கோவை, வேலூர், கடலூர் பக்கத்துக்குச் சென்னை.

வீட்டுக்கு வரும் மற்ற காகிதங்கள்

ஆள் உள்ளே இருக்கும்போது கடன் வழக்கு, விவாகரத்து, பாகப்பிரிவினை என்று சிவில் சம்மன் வரலாம். "அவரு ஜெயில்ல இருக்காரு" என்று தபால்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சிறையில் இருப்பவருக்கான சம்மனைச் சிறை அதிகாரி வழியாகச் சேர்ப்பிக்கச் சிவில் நடைமுறைச் சட்டத்தில் வழி இருக்கிறது. கிடைத்த 30 நாளில் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை. தவறினால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிடும், அதை நீக்கவும் 30 நாள்தான். மைனருக்கும் மனநலம் குன்றியவருக்கும் காலவரையறைச் சட்டம் சலுகை தருகிறது. ஜெயிலில் இருந்தார் என்பதற்கு அப்படித் தானாக வரும் சலுகை கிடையாது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்கத்தான் முடியும்.

சொத்து, வங்கி வேலைகளுக்குப் பவர் பத்திரம் தேவைப்படலாம். சிறையில் இருப்பவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டியதில்லை என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமே விலக்குத் தருகிறது. பதிவு அதிகாரி சிறைக்குப் போயோ கமிஷன் அனுப்பியோ விசாரித்துக்கொள்ளலாம். உள்ளே இருப்பவர் அரசு ஊழியராக இருந்து 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பதாகவே கருதப்படுவார். அலுவலகத்துக்கு எழுத்தில் தகவல் சொல்லி, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள்.

தண்டனை ஆகிவிட்டால்

சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகல் உடனடியாக, இலவசமாகக் கிடைக்க வேண்டும். நடுவர் மன்றத் தீர்ப்பை எதிர்த்து செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள், செஷன்ஸ் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். மரண தண்டனையானால் 30 நாள்தான். நகல் மனுப் போட்டு நகல் கிடைக்க ஆன நாட்கள் இதில் கழிக்கப்படும் என்பதால், நகலின் பின்னால் உள்ள முத்திரைத் தேதிகள் தெரியும்படி ஜெராக்ஸ் எடுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால், உள்ளே இருப்பவரே அப்பீல் மனுவைச் சிறை அதிகாரியிடம் கொடுக்கலாம். அதை உரிய கோர்ட்டுக்கு அனுப்புவது அந்த அதிகாரியின் பொறுப்பு.

காவலில் இருப்பவர் எவரானாலும், வருமானம் எவ்வளவானாலும், இலவச வக்கீல் பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தொலைபேசி எண் 15100. சிறைக்குள்ளும் சட்ட உதவி மையம் உண்டு.

வெளியே வந்த மறுநாள்

ஆள் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கட்டைப் பரணில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஜாமீன் உத்தரவில் "தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகிக் கையெழுத்திட வேண்டும்" என்பதுபோல் ஒரு வரி இருக்கும். அதைப் பெரிய எழுத்தில் நோட்டில் எழுதி, அவரிடமே கொடுங்கள். கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு நாளையும் அவரே தேதி போட்டுக் குறிக்கட்டும். காய்ச்சல் என்று ஒரு நாள் போகாவிட்டால் மருத்துவர் சீட்டு அன்றைக்கே வக்கீல் கைக்குப் போக வேண்டும். நிபந்தனை மீறல் என்று ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி மனு வந்தால், அவருக்குக் கைகொடுப்பது அந்தப் பக்கம்தான். இத்தனை நாள் நீங்கள் சுமந்த நோட்டு இனி அவர் கையில் இருக்கட்டும்.